ஒரே பழுது, 11 புகார் எண்: ஏற்காட்டில் 41 நாளாக நெட் இல்லை, பில் மட்டும் தவறாமல் வருகிறது

நாகலூர் மிளகுக்கொடி
ஜூன் 4, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு ஏற்காடு டவுன்ல இருந்து நாகலூர் போற வழியில. மூணு ஏக்கர் காப்பி, நிழல் மரத்துல மிளகு, வீட்டை ஒட்டி ரெண்டு ரூம் தங்க வர்றவங்களுக்கு விடறோம். மகள் பேங்க் பரீட்சைக்கு ஆன்லைன்ல படிக்கிறா. வீட்டுக்குள்ள செல்போன் சிக்னல் ஒரு புள்ளி நின்னா பெரிசு. அதனாலதான் ரெண்டு வருஷம் முன்னாடி ஃபைபர் கனெக்‌ஷன் வாங்கினோம். மாசம் 699, வரியோட 825 ரூபாய்.

ஏப்ரல் 24 சாயந்திரம் காத்தும் மழையும். எங்க வளைவுக்குக் கீழ ஒரு சில்வர் ஓக் சாய்ஞ்சு கேபிள் மேல விழுந்துச்சு. மரத்தை நாங்களே அறுத்து ஒதுக்கினோம். கேபிள் அன்னிலேருந்து ரோட்டோரம் கிடக்குது. மாடு மிதிக்குது, டூரிஸ்ட் கார் ஏறுது. வீட்டுப் பெட்டியில, சிக்னல் வரலைன்னு காட்டற ‘லாஸ்’ விளக்கு சிவப்பாவே எரியுது. இன்னியோட 41 நாள்.

புகார் கொடுக்காம இல்லீங்க. வாட்ஸ்அப்ல மிஷின்தான் பதில் சொல்லுது, பெட்டியை அணைச்சுப் போடச் சொல்லி. போன் பண்ணா ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு புகார் நம்பர் கொடுப்பாங்க. ரெண்டாம் நாள் மெசேஜ் வரும்: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.’ யாரும் வந்திருக்க மாட்டாங்க. மறுபடி கூப்பிட்டா புது நம்பர். இதுவரைக்கும் 11 நம்பர். எல்லாத்தையும் தேதியோட நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

மே மாசம்தான் எங்களுக்கு நாலு காசு பாக்கற மாசம். வர்றவங்க முதல்ல கேக்கறதே வைஃபை இருக்கான்னுதான். ஒம்பது புக்கிங் கைவிட்டுப் போச்சு. மகள் ஆறு மாச வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கா, அதுல ஒண்ணரை மாசம் கரைஞ்சுடுச்சு. தினம் சாயந்திரம் சிக்னல் தேடிப் பாறை மேல போய் உக்காந்து படிக்கிறா. காட்டெருமை வர்ற இடம். அவ அம்மா டார்ச்சோட பக்கத்துல நிக்கறாங்க.

இன்னிக்குக் காலையில பேங்க்ல இருந்து மெசேஜ்: நாளைக்கு உங்க கணக்குல 825 ரூபாய் எடுக்கப்படும். அதைப் பாத்துட்டுத்தான் சேலம் இறங்கி, இங்க உக்காந்து எழுதறேன். கம்பெனி ஆபீஸ் இருந்த இடத்துல இப்போ செல்போன் கவர் விக்கறாங்க. பில்லோட அடியில, வழக்கு எதுவானாலும் வேற மாநிலத்து நகரத்துலதான்னு அச்சடிச்சிருக்கு. நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?


கன்னங்குறிச்சிக்காரன்
ஜூன் 4, இரவு 9.32

அண்ணா, மனசு கஷ்டமா இருக்கு. ஆனா 825 ரூபாய்க்காகக் கேஸ், வாய்தான்னு போகாதீங்க. ஆட்டோ டெபிட்டை நிறுத்திட்டு வேற கம்பெனி வாங்கிடுங்க. நான் அப்படித்தான் செஞ்சேன்.


நாகலூர் மிளகுக்கொடி
ஜூன் 4, இரவு 9.41

தம்பி, கன்னங்குறிச்சியில நாலு கம்பெனி இருக்கும். எங்க வளைவுக்கு இவங்க கேபிள் ஒண்ணுதான் வருது.


ஐந்துரோட்டுப் பெண்
ஜூன் 4, இரவு 10.15

அண்ணா, நான் மூணு வருஷம் ஒரு கால் சென்டர்ல வேலை பாத்தவ. உங்களோடது இல்லை, வேற கம்பெனிக்கு. உங்க 11 நம்பரைப் படிச்சதும் தூக்கம் வரலை, அதனால எழுதறேன்.

எங்க ஸ்க்ரீன்ல ஒவ்வொரு புகாருக்கும் ஒரு கடிகாரம் ஓடும். நேரம் தாண்டினா சிவப்பு ஆயிடும். சிவப்பு எண்ணிக்கை கூடினா டீம் லீடர் வந்து நிப்பார். பழுது சரியாச்சான்னு பாக்கற வழி எங்ககிட்ட இல்லை. பகுதி ஆள் ‘முடிஞ்சது’ன்னு குறிச்சா எங்களுக்கும் முடிஞ்சது. அவங்களுக்கும் அதே கடிகாரம்தான், அதனால ஆள் போகாமலே குறிச்சிடுவாங்க. நீங்க மறுபடி கூப்பிட்டா பழைய புகாரைத் திறக்கற பட்டன் எங்ககிட்ட கிடையாது. புதுசு மட்டும்தான் போட முடியும்.

இதனால என்ன ஆகுதுன்னா, உங்க வீட்டுல 41 நாள் நெட் இல்லை. ஆனா அவங்க கணக்குல ஏப்ரல் 24ல இருந்து இன்னிக்கு வரைக்கும் 11 சின்னச் சின்னப் பழுது. ஒவ்வொண்ணும் ரெண்டு நாளுல ‘தீர்ந்தது’. 41 நாள் கெட்டுக் கிடந்த லைன்னு ஒண்ணு அந்த ஏட்டுலயே இல்லை. அவங்க மேல எங்க புகார் போனாலும் இந்த 11ஐத்தான் எடுத்துக் காட்டுவாங்க.

அதனால இனிமே எங்க எழுதினாலும் முதல் நம்பரையே எழுதுங்க. ‘ஏப்ரல் 24 அன்று பதிவான பழுது இன்றுவரை சரிசெய்யப்படவில்லை, பின்னர் தரப்பட்ட எண்கள் அனைத்தும் இதே பழுதுக்கானவை’ன்னு ஒரு வரி. போன்ல சொல்லாதீங்க, மெயில்ல போடுங்க.

அந்த வேலையில நானும் அப்படி மூடியிருக்கேன். ஓமலூர் பக்கம் ஒரு பெரியவர், தன் நெட்டுக்காக ஏழு தடவை என்கிட்டயே வந்து சேர்ந்தார். ஏழு தடவையும் புது நம்பர் கொடுத்தேன். அவர் குரல் இன்னும் ஞாபகம் இருக்கு.


பழைய லைன்மேன்
ஜூன் 5, காலை 6.20

தம்பி நாகலூர், நான் தொலைபேசித் துறையில 31 வருஷம் லைன் வேலை பாத்தவன். அடிவாரத்துல இருந்து மேல வரைக்கும் இருபது கொண்டை ஊசி வளைவும் நான் ஏணியோட நடந்த வழி. அப்போ செம்புக் கம்பி. அறுந்தா முறுக்கி, டேப் சுத்தி, பேச்சு வருதான்னு காதுல வச்சுப் பாத்துட்டு இறங்கிடுவோம். ஃபைபர் அப்படி இல்லை. உள்ள இருக்கறது தலைமுடி கனத்துல கண்ணாடி இழை. அறுந்த ரெண்டு முனையையும் நேரா வெட்டி, ஸ்ப்ளைசிங் மிஷின்ல வச்சு உருக்கி ஒட்டணும். எங்க அறுந்துதுன்னு கண்டுபிடிக்க ஓடிடிஆர்னு ஒரு கருவி. வெளிச்சத்தை உள்ள அனுப்பி, அது திரும்பி வர்ற நேரத்தை வச்சு இத்தனை மீட்டர்ல முறிவுன்னு காட்டும். உங்க விஷயத்துல அதுவும் வேண்டாம், முறிவு கண்ணுக்கு முன்னாடி ரோட்டோரம் கிடக்குது. ரெண்டு பேர், ஒரு மிஷின், ஒரு ஜாயிண்ட் பெட்டி, ஒரு முற்பகல். அவ்வளவுதான் வேலை.

பின்ன ஏன் வரலை? மேல சுத்தற ஒப்பந்தப் பசங்க ரெண்டு பேரை எனக்குத் தெரியும். அவங்களைத் திட்டாதீங்க. புது இணைப்பு கொடுத்தாத்தான் அவங்களுக்குக் கையில காசு. பழுது பாக்கப் போனா பெட்ரோல் அவங்க செலவு. மிஷின் கீழ சேலத்துல இருக்கு, நாலு ஏரியாவுக்கு ஒண்ணு. உங்க ஒரு வீட்டுக்காக அதை மலையேத்த யாருக்கும் மனசு வராது.

ரெண்டு விஷயம் இன்னிக்கே செய்யுங்க. ஒண்ணு, கிடக்கற கேபிளையும் சிவப்பு விளக்கையும் தேதி தெரியற மாதிரி படம் எடுங்க. ரெண்டாவது, அவங்க ஆப்ல உங்க கணக்குல மாசாந்திரம் எத்தனை ஜிபி ஓடிச்சுன்னு ஒரு பக்கம் இருக்கும். மே மாசத்துக்கு அது சுழியம் காட்டும். அது அவங்க சர்வர் எழுதின கணக்கு. ‘சரி செஞ்சோம், வாடிக்கையாளர்தான் உபயோகிக்கலை’ன்னு 40 நாளுக்குச் சொல்ல முடியாது.


நாகலூர் மிளகுக்கொடி
ஜூன் 5, மாலை 5.50

ஐயா, நீங்க சொன்ன பக்கத்தைப் பாத்தேன். மார்ச் மாசம் 212 ஜிபி. ஏப்ரல் 24 வரைக்கும் 160. மே மாசம் பூரா சுழியம். படம் எடுத்து வச்சுட்டேன். 825 ரூபாயும் காலையிலேயே போயிடுச்சு.


அஸ்தம்பட்டி கறுப்புக்கோட்டு
ஜூன் 6, இரவு 8.05

நான் சேலம் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர். நுகர்வோர் வழக்குகள் நிறைய நடத்தியிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பெரிய கவலை. பில்லில் எந்த ஊரை அச்சடித்திருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 34ஆவது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது. பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி கிடையாது. எதிர்த்தரப்பு எங்கே இருக்கிறது, சம்பவம் எங்கே நடந்தது என்றுதான் பார்ப்பார்கள். ஆக உங்கள் வழக்குக்கு இடம் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒப்பந்தத்தில் ‘நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும்’ என்று இருந்தாலும் பயப்படாதீர்கள். அப்படி ஒரு வரி இருப்பதாலேயே நுகர்வோர் வழக்கு தடைப்படாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்து, ‘தொலைத்தொடர்பு விஷயத்தில் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை’ என்று கம்பெனி வக்கீல் கட்டாயம் சொல்வார். 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 7பி பிரிவை வைத்து 2009இல் அப்படி ஒரு தீர்ப்பு இருந்தது. எத்தனையோ பேரின் வழக்கு அதனால் வாசலிலேயே திரும்பியது. 2022 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம்.

கட்டணம்: நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் ஒரு பைசா கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே நின்று பேசலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் தாக்கல் செய்யலாம்.

ஆனால் வழக்குக்கு முன்னால் ஒரு படி ஏறிவிட்டு வாருங்கள். ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதி. அந்த முகவரி அவர்கள் தளத்தின் அடிமூலையில் எங்காவது இருக்கும். இலவசம், 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனி மனிதர் புகாரை நேரடியாக விசாரிக்காது, அங்கே எழுதி நாளை வீணாக்காதீர்கள். டிராயின் புதிய சேவைத்தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ளன. தரைவழி இணைப்பில் 3 நாளுக்கு மேல் பழுது நீடித்தால் வாடகையில் கழிவு தர வேண்டும். ஐந்துரோட்டுச் சகோதரி எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். 3 நாள் என்ற கோட்டைத் தொடாமல் இருக்கத்தான் உங்கள் ஒரு பழுது 11 துண்டாகியிருக்கிறது என்பது என் கணிப்பு. எனவே உங்கள் புகாரின் முதல் பத்தியே இதுதான்: இது ஒரே பழுது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு கசப்பான விஷயமும் சொல்ல வேண்டும். அந்த ஒன்பது புக்கிங்கை மனுவில் சேர்க்காதீர்கள்.


நாகலூர் மிளகுக்கொடி
ஜூன் 6, இரவு 8.40

வக்கீலம்மா, பெரிய நஷ்டமே அதுதானுங்களே?


அஸ்தம்பட்டி கறுப்புக்கோட்டு
ஜூன் 6, இரவு 9.15

தெரியும் அண்ணா. எழுதும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

‘வணிக நோக்கத்துக்காக’ சேவை பெற்றவர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் அல்ல. சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் 2019 சட்டத்தில் அந்த விலக்கைச் சொல்லும் விளக்கம், வாங்கிய பொருளைப் பற்றித்தான் பேசுகிறது. பழைய சட்டத்தில் இருந்த ‘சேவை’ என்ற சொல் அதில் விடுபட்டுப் போயிருக்கிறது. ரூம் வாடகை நஷ்டத்தை நீங்கள் எழுதிய மறுநிமிடம், ‘இவர் ஹோட்டல் நடத்துகிறார், நுகர்வோரே இல்லை’ என்று அவர்கள் ஆட்சேபணை எழுப்புவார்கள். அதை வாதாடி வெல்லலாம். ஆனால் ஒரு வருடம் அதிலேயே போய்விடும். இணைப்பு வீட்டின் பேரில், வீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. மகளின் வகுப்பு, நெட் இணைப்பின் வாடகை, மன உளைச்சல், அலைந்த செலவு, இவற்றோடு நில்லுங்கள்.


கன்னங்குறிச்சிக்காரன்
ஜூன் 6, இரவு 10.02

மேடம், மரியாதையோட கேக்கறேன். சட்டத்துல எல்லாம் இருக்கு, சரி. எங்க மாமா ஒரு ஃபிரிட்ஜ் கேஸ் போட்டார். ரெண்டே முக்கால் வருஷம். ஜெயிச்சார். அதுக்கப்புறம் அந்தப் பணத்தை வாங்க இன்னொரு வருஷம். அவர் வாய்தாவுக்குப் போன நாள்ல விட்ட கூலியைக் கணக்குப் போட்டா ஃபிரிட்ஜே வாங்கியிருக்கலாம். மலையில இருந்து இறங்கி வர்றவருக்கு இது நியாயமா?


அஸ்தம்பட்டி கறுப்புக்கோட்டு
ஜூன் 6, இரவு 10.30

நியாயம் இல்லை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்து 3 மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் எழுதியிருக்கிறது. நடப்பில் அப்படி முடிவதை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். உங்கள் மாமா பட்டது உண்மை. தீர்ப்புக்குப் பிறகும் பணம் தராவிட்டால் 72ஆவது பிரிவில் சிறைத் தண்டனை வரை உண்டு. அந்த மனு போட்ட பிறகுதான் பல கம்பெனிகள் காசோலை அனுப்புகின்றன.

ஒன்று மட்டும் இப்போது மாறியிருக்கிறது. எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஆணையமே நினைத்தாலும் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. ஆறு மாதம் பதிலே போடாமல் இழுக்கும் பழைய உத்தி இனிச் செல்லாது. காணொலி மூலம் ஆஜராகவும் அனுமதி கேட்கலாம்.


நாகலூர் மிளகுக்கொடி
ஜூன் 6, இரவு 10.44

காணொலிக்கும் நெட் வேணுமேம்மா. அதுக்கும் நான் சேலம்தான் இறங்கணும். பரவாயில்லை, இறங்கறேன்.


செவ்வாய்பேட்டை கொலுசு
ஜூன் 7, காலை 11.20

இதையெல்லாம் படிக்கப் படிக்க என் கதையும் நெஞ்சுல முட்டுது. திசை மாத்தறேன்னு நினைக்காதீங்க, இதுவும் ‘யார்கிட்ட போய்க் கேக்கறது’ கதைதான்.

கொலுசுப் பட்டறை. எட்டுப் பேர் வேலை பாக்கறாங்க, சனிக்கிழமை சாயந்திரம் கூலி. போன வருஷம் வெளியூர்ல இருந்து ஒருத்தர் போன்ல பேசி, 6,500 ரூபாய் யுபிஐ போட்டு ஒரு ஜோடி வாங்கினார். கூரியர்ல அனுப்பிட்டேன். மூணு வாரம் கழிச்சு ஒரு சனிக்கிழமை பணம் எடுக்கப் போனா கணக்கு முடக்கம். உள்ள 3 லட்சத்து 80 ஆயிரம் இருக்கு. பேங்க்ல கேட்டா, வேற மாநிலத்து சைபர் போலீஸ் சொல்லி முடக்கியிருக்கு, அவங்ககிட்ட பேசுங்கன்னு ஒரு மெயில் ஐடியும் புகார் நம்பரும் சீட்டுல எழுதிக் கொடுத்தாங்க. மெயிலுக்குப் பதில் இல்லை. போன் எடுத்தவங்க பேசின மொழி எனக்குத் தெரியாது. எனக்குப் பணம் போட்டவன் யாரையோ ஏமாத்தின காசை வச்சு என்கிட்ட கொலுசு வாங்கியிருக்கான். என் சரக்கும் போச்சு, கணக்கும் போச்சு. அந்த வாரக் கூலிக்கு வீட்டுக்காரம்மா வளையலை அடகு வச்சேன். முழுசா நாலு மாசம் ஆச்சு திறக்க.


அஸ்தம்பட்டி கறுப்புக்கோட்டு
ஜூன் 7, மதியம் 1.10

கொலுசு அண்ணா, உங்களைப் போல இப்போது மாதத்துக்கு நாலைந்து பேர் என்னிடமே வருகிறார்கள். கணக்கு இப்படி முடங்கினால் யாரும் பயத்தில் முழுக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை இயக்க விட வேண்டும் என்று 2023இல் கேரள உயர் நீதிமன்றமும் 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கின்றன. உங்கள் விஷயத்தில் 6,500 ரூபாய்தான் நின்றிருக்க வேண்டும். போலீஸ் முடக்கினால் அதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம், இப்போது அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு. பில், கூரியர் ரசீது, வாங்கியவரோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் சேர்த்து பேங்குக்கும் அந்தக் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுப்பதுதான் முதல் வேலை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ஏமாந்தவர் நீங்களாக இருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள். பணம் கை மாறுவதற்குள் சொன்னால்தான் பிடிக்க முடியும்.


அம்மாப்பேட்டை தறிச்சத்தம்
ஜூன் 7, மாலை 4.25

எங்க சேலைப் பக்கத்தை யாரோ திருடிட்டாங்க. 14 ஆயிரம் பேர் பின்தொடர்ந்த பக்கம், ஆறு வருஷமா சேலை சேலையாப் படம் எடுத்துப் போட்டு வளர்த்தது. இப்போ அதுல கிரிப்டோ விளம்பரம் ஓடுது. கம்பெனிக்குச் சொன்னா ‘எங்கள் சமூக விதிகளை மீறவில்லை’ன்னு பதில் வருது. இதுக்கும் நுகர்வோர் ஆணையம் போகலாமா அக்கா?


அஸ்தம்பட்டி கறுப்புக்கோட்டு
ஜூன் 7, மாலை 6.00

கடினம். இலவசமாகத் தரப்படும் சேவை நுகர்வோர் சட்டத்தில் ‘சேவை’க்குள் வராது. விளம்பரத்துக்குப் பணம் கட்டியிருந்தால் அந்த ரசீதை வைத்துப் பேசலாம். உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிப்படி அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். ஆப்பில் உள்ள பட்டனை விட்டுவிட்டு அவருக்குப் பெயர் குறித்து மெயில் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், விதியில் குறித்த நாளுக்குள் தீர்க்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். 2023 முதல் அந்தக் குழுக்கள் இருக்கின்றன. இதைச் செய்த இரண்டு பேருக்குக் கணக்கு திரும்பக் கிடைத்ததை நான் பார்த்தேன். ஒருவருக்குக் கிடைக்கவில்லை.


நாகலூர் மிளகுக்கொடி
ஜூன் 12, மாலை 4.15

ஞாயித்துக்கிழமை மேல்முறையீட்டு மெயில் அனுப்பினேன். ஐந்துரோட்டுத் தங்கச்சி சொன்ன வரியை அப்படியே முதல் வரியாப் போட்டேன். 11 நம்பரையும் தேதியோட அட்டவணை போட்டு மகள் டைப் பண்ணிக் கொடுத்தா. இன்னிக்கு அதே கடுதாசியை அவங்க தலைமை அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு, ரசீதைப் படம் எடுத்து வச்சிருக்கேன். நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசினேன், தமிழ்லயே பதிவு பண்ணிக்கிட்டாங்க.


நாகலூர் மிளகுக்கொடி
ஜூன் 16, மாலை 6.30

நெட் வந்துடுச்சு. 53ஆவது நாள். காலையில பத்து மணிக்கு ஒரு வேன், மூணு பேர், ஸ்ப்ளைசிங் மிஷின். லைன்மேன் ஐயா சொன்ன மாதிரியே முற்பகல்ல முடிச்சுட்டாங்க. கேபிளையும் புதுசா இழுத்துக் கட்டினாங்க. வந்த பையன்ல ஒருத்தன் சொன்னான்: “அண்ணா, மேல இருந்து போன் வந்துச்சு, இல்லாட்டி இந்த மாசமும் மிஷின் கிடைச்சிருக்காது.” அவங்களுக்கு மகள் காப்பி போட்டுக் கொடுத்தா. விளக்கு பச்சையாச்சு. அவ அம்மாதான் ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க.


பழைய லைன்மேன்
ஜூன் 16, இரவு 7.15

நல்லது தம்பி. ஜாயிண்ட் பெட்டியை மரத்துல கட்டாம போஸ்ட்ல கட்டியிருக்காங்களான்னு பாத்துக்கோங்க. மழைக்காலம் வருது.


நாகலூர் மிளகுக்கொடி
ஜூன் 19, இரவு 8.50

நேத்து ஒரு போன். முதல் தடவையா ஒரு மனுஷக் குரல், பேரும் பதவியும் சொல்லிப் பேசுது. ரெண்டு மாச வாடகை இலவசம், அதுக்குப் பதிலா ‘எனக்குப் புகார் ஏதும் இல்லை’ன்னு மெயில் போடணுமாம். வாடகைக் கணக்குப்படி எனக்கு வர வேண்டியது 1,457 ரூபாய்தான். அவங்க தர்றது 1,650. காசைப் பாத்தா லாபம். அவங்களே அனுப்பின மெயில் மாதிரியைப் படிச்சேன். அதுல ‘எனது புகார்கள் அனைத்தும் உரிய காலத்துக்குள் தீர்க்கப்பட்டன’ன்னு ஒரு வரி இருக்கு.


கன்னங்குறிச்சிக்காரன்
ஜூன் 19, இரவு 9.05

வாங்கிக்கோங்க அண்ணா. லைனும் வந்துடுச்சு, காசும் வருது. இதுக்கு மேல என்ன?


ஐந்துரோட்டுப் பெண்
ஜூன் 19, இரவு 9.20

அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கேளுங்க. எடுத்தா வாங்கிக்கோங்க. எடுக்க மாட்டாங்க.


நாகலூர் மிளகுக்கொடி
ஜூன் 21, காலை 7.40

கேட்டேன். எடுக்க முடியாதுன்னுட்டாங்க. அது எல்லாருக்கும் பொதுவான மாதிரிக் கடிதமாம்.

தம்பி கன்னங்குறிச்சி, நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க, எனக்குத் தெரியும். ஆனா எங்க வளைவுல இன்னும் ஆறு வீடு அதே கேபிள்ல இருக்கு. ரெண்டு வீட்டுல வயசானவங்க மட்டும், புள்ளைங்க வெளிநாட்டுல. அவங்க லைனும் அதே 53 நாள் செத்துக் கிடந்துச்சு. அவங்க நோட்டுப் போட்டு நம்பர் எழுதி வைக்கலை. நான் அந்த வரியில கையெழுத்துப் போட்டா, எங்க வளைவுல பழுதே நடக்கலைன்னு நானே சொன்னதா ஆயிடும். என் பொண்ணு 53 நாள் பாறை மேல உக்காந்து படிச்சதை நான் எப்படி ‘உரிய காலத்துக்குள்’னு எழுதறது?

வழக்கு போடறேன். 1,457 ரூபாய் வாடகை, மகள் வகுப்புக்கு விட்ட நாள் கணக்கு, செலவு. ரூம் நஷ்டத்தைச் சேர்க்கலை. எழுதாம விட்டது வலிக்கத்தான் செய்யுது.


அஸ்தம்பட்டி கறுப்புக்கோட்டு
ஜூன் 21, காலை 9.30

மனுவை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். கட்டணம் வேண்டாம். டேட்டா உபயோகப் பக்கத்தின் படங்களோடு மின்னணு ஆவணச் சான்று ஒன்றும் இணைக்க வேண்டும், புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவு அதைக் கேட்கிறது, மாதிரி அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. படம் எடுத்த போன் யாருடையதோ அவரும் ஒரு நிபுணரும் கையெழுத்துப் போட வேண்டும். மேலும், அந்த 53 நாளுக்கான சர்வர் பதிவையும் 11 புகாரையும் மூடியவர் குறிப்பையும் கம்பெனியே தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரி ஒரு மனு போடுவோம். ஆவணத்தை வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையத்துக்கும் உண்டு.


நாகலூர் மிளகுக்கொடி
ஜூலை 3, இரவு 8.15

தாக்கல் ஆயிடுச்சு. இ-ஜாக்ரிதியில நாலு தடவை கோப்பு ஏறாம நின்னுச்சு, அஞ்சாவது தடவை ஏறிச்சு. வீட்டுல இருந்தேதான் போட்டோம், மகள்தான் போட்டா. ஏற்புக்கான முதல் தேதி மெசேஜ்ல வரும்னாங்க.

லைன்மேன் ஐயா, ஒரு உதவி. கேபிள் அறுந்தா ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும், சிவப்பு விளக்குன்னா என்ன அர்த்தம்னு விவரம் தெரிஞ்ச ஒருத்தர் அபிடவிட் கொடுத்தா நல்லதுன்னு வக்கீலம்மா சொல்றாங்க. கேக்கத் தயக்கமாத்தான் இருக்கு.


பழைய லைன்மேன்
ஜூலை 3, இரவு 8.40

கொடுக்கறேன் தம்பி. சனிக்கிழமை காலையில முதல் பஸ்ல மேல வர்றேன். ஒட்டின இடத்தையும் ஒரு தடவை என் கண்ணால பாத்துட்டு எழுதறதுதான் முறை. ஏணி இருந்தா எடுத்து வையுங்க.